பின் கியர் ஒழுங்காக விழவில்லையா? டீரெய்லரை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. 21 கியர் எம்டிபி (மவுன்டன் பைக்), முன்னால் 3, பின்னால் 7, ஷிமானோ டூர்னி டீரெய்லர். வாங்கி ஒன்றரை வருடம். மழைக்காலம் முடிந்ததிலிருந்து பின் கியர் தகராறு செய்கிறது. 3-இலிருந்து 4-க்குப் போட்டால் உடனே விழாமல் ஓரிரு சுற்று கழித்து டக்கென்று விழுகிறது. 4-இலிருந்து 3-க்கு வரும்போதும் சில நேரம் தயங்குகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் தானாகவே மாறிக்கொள்கிறது. நடுவில் ஒருமுறை பின் சக்கரத்துக்குப் பங்சர் ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் ட்யூன் செய்து கொடுத்தார், ஒரு வாரம் ஓடியது, மறுபடி பழைய கதை. இப்போது டீரெய்லரே போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும், ஸ்பிரிங் போட்ட ஒரு கை, அவ்வளவுதான். கேபிள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு உள்ளே போகும், விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். எந்த கியரில் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு முழுவதும் ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிஃப்டருக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கேபிள், டீரெய்லர் தொங்கும் தகடு, அது வழிநடத்தும் செயின், இந்த மூன்றில் எது கெட்டாலும் பழி டீரெய்லர் மேல்தான் விழும்.

முதலில் எண்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் ஷிஃப்டரில் 1 என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம், மேடு ஏற உதவுவது. 7 என்றால் சின்னது. எண்ணைக் குறைக்கும்போது உங்கள் விரல் கேபிளை இழுக்கிறது. எண்ணைக் கூட்டும்போது கேபிள் தளர்கிறது, வேலையை ஸ்பிரிங் செய்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். எண் குறையும்போது மட்டும் தயங்கினால் கேபிள் லூஸ். எண் கூடும்போது மட்டும் தயங்கினால் கேபிள் ரொம்ப டைட், அல்லது அவுட்டருக்குள் (கேபிள் ஓடும் வெளியுறை) எங்கோ சிக்குகிறது. இரண்டு பக்கமும் தயங்கினால், ஒரு பக்கத்துக்காகத் திருகினால் இன்னொரு பக்கம் கெட்டுப்போனால், அது வெறும் ட்யூனிங் பிரச்சினையே இல்லை. எங்கோ உராய்வு இருக்கிறது, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது ஏதோ ஆடுகிறது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை. ட்யூன் செய்தது ஒரு வாரத்துக்குமேல் தாங்காததும் இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷிமானோ 7 கியர் ஃப்ரீவீலில், அதாவது பின் பல்சக்கரத் தொகுதியில், ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மி.மீ. ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குக் கேபிளை சுமார் 2.9 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் அதை ஏறக்குறைய 1.7 மடங்காக்கும். அதாவது கேபிளில் ஒரு மில்லிமீட்டர் எங்காவது சிக்கி வந்து சேராமல் போனால், கீழே 1.7 மி.மீ. பிசகும். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. 9 கியரில் இந்த இடைவெளி 4.35 மி.மீ., 10 கியரில் 3.95 மி.மீ. அந்த வண்டிகளோடு ஒப்பிட்டால் 7 கியர் நிறைய பிசகைப் பொறுத்துக்கொள்ளும். அதுவே அடம் பிடிக்கிறது என்றால் காரணம் நுணுக்கமானதாக இருக்காது. பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். ஸ்டாண்ட் இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தியும் பார்க்கலாம், ஆனால் அப்போது இடது வலது குழம்பும், எந்தப் பக்கம் திருகுகிறோம் என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வரும்.

முதலில் நான் சந்தேகப்படுவது பங்சரைத்தான். ஆச்சரியப்பட வேண்டாம். குறைந்த விலை எம்டிபிகள் பலவற்றில் டீரெய்லர் நேராக ஃப்ரேமில் பூட்டப்பட்டிருக்காது. ஒரு இரும்புத் தகட்டில் தொங்கும், அந்தத் தகட்டைப் பின் சக்கரத்தின் அச்சு நட்டுதான் ஃப்ரேமோடு சேர்த்துப் பிடித்திருக்கும். கூடவே ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் இருக்கும். பங்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றினால் தகடும் லூஸாகிவிடும். திரும்ப மாட்டும்போது அச்சு ஃப்ரேமின் வெட்டுக்குள் முழுவதும் போய் உட்காராமல் ஒரு பக்கம் கொஞ்சம் கீழே நின்றாலோ, தகடு கொஞ்சம் சுழன்ற நிலையில் நட்டை முடுக்கினாலோ, கியர் வரிசை முழுக்க நகர்ந்துவிடும். பங்சர் ஒட்டுபவர் மேல் தப்பில்லை. கியர் இல்லாத சைக்கிளில் செயின் டென்ஷன் பார்த்து அச்சை முன்னே பின்னே நகர்த்திப் பழகிய கை அது.

இரண்டு பக்க நட்டையும் 15 நம்பர் ஸ்பேனரால் தளர்த்துங்கள். வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, சீட்டை மேலிருந்து அழுத்தி, அச்சு வெட்டின் உள்முனை வரை போய் உட்காருகிறதா என்று பாருங்கள். டயர் இரண்டு ஃப்ரேம் கம்பிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தகட்டின் சின்ன போல்ட்டை முடுக்கிவிட்டு, அப்புறம் அச்சு நட்டுகளை நன்றாக முடுக்குங்கள். இதே நேரத்தில் டயரைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் கோன் (பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் நட்டு) லூஸ். சக்கரமே ஆடும்போது பல்சக்கரமும் சேர்ந்து ஆடும், மேட்டில் கியர் தானாக மாறும். அதை முதலில் சரிசெய்யாமல் மற்றதைத் தொடுவது வீண். ஃப்ரீவீல் மட்டும் சுழலும்போது லேசாகத் தள்ளாடுவது வேறு விஷயம், திருகிப் பூட்டும் ஃப்ரீவீல்களில் அது சகஜம், கண்டுகொள்ள வேண்டாம்.

அடுத்தது அந்தத் தகடு, அதாவது ஹேங்கர், வளைந்திருக்கிறதா என்பது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வண்டி சாய்த்து, இது வலது பக்கமாக ஒரு முறை விழுந்தாலே போதும். வண்டிக்குச் சரியாகப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு சின்னச் சக்கரங்கள் இருக்கும். அவை இரண்டும் செயின் ஓடும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. அப்படி வளைந்த வண்டியில் ஒரு முனை கியர்களைச் சரிசெய்தால் மறு முனை கெடும், எத்தனை ட்யூன் செய்தாலும் தீராது.

உங்களுடையது இரும்புத் தகடாக இருந்தால் வளைத்து நிமிர்த்தலாம். டீரெய்லரைத் தாங்கும் போல்ட்டில் அலன் கீயை முழுவதும் செருகி, மற்ற கையால் டீரெய்லரையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி கொஞ்சம். அலுமினிய ஹேங்கராக இருந்தால் கதை வேறு. ஒரு முறை நிமிர்த்தினாலே அது பலமிழந்துவிடும், கழற்றி மாற்றும் வகைதான் என்பதால் புதிது வாங்கிவிடுவது நல்லது. நல்ல சைக்கிள் கடையில் ஹேங்கர் அலைன்மென்ட் கேஜ் என்ற நீளக் கம்பிக் கருவி இருக்கும். அதை ஹேங்கரின் திரெட்டில் திருகி, ரிம்மைச் சுற்றி நாலு இடத்தில் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று அளப்பார்கள். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஹேங்கர் நேராக இருக்கிறது, சக்கரம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கேபிள். மழைக்காலத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று நீங்கள் சொன்னதே இதற்குப் பெரிய தடயம். ஃப்ரேமிலிருந்து டீரெய்லருக்கு வளைந்து போகிறதே, அந்தக் கடைசி அவுட்டர் துண்டைப் பாருங்கள். பின் டயர் வாரி இறைக்கும் தண்ணீரும் சேறும் நேராக அதன் வாய்க்குள்தான் போகும். உள்ளே துருப்பிடித்தால் விரல் இழுக்கும்போது கேபிள் எப்படியோ வந்துவிடும், ஆனால் ஸ்பிரிங் தள்ளும்போது பாதி வழியில் நின்றுவிடும். 3-இலிருந்து 4-க்குப் போட்டால் ஓரிரு சுற்று கழித்து விழுகிறது என்றீர்களே, இது அதற்கான அச்சு அசல் அறிகுறி. அதிர்வில் சிக்கல் விடுபட்டதும் டக்கென்று விழும்.

கருவியே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். பெடலைச் சுற்றிக்கொண்டே 1-க்குக் கொண்டுவாருங்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, பெடலைத் தொடாமல் ஷிஃப்டரை மட்டும் 7 வரை கிளிக் செய்யுங்கள். செயின் பெரிய பல்சக்கரத்திலேயே இருக்கும், கேபிள் மட்டும் தொளதொளவென்று தளர்ந்துவிடும். இப்போது ஃப்ரேமில் அவுட்டர் செருகியிருக்கும் வெட்டுகளிலிருந்து அதை எளிதாக வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு அவுட்டர் துண்டையும் கேபிள் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கரகரவென்று மணல் அரைபடுவது போலத் தெரிந்தாலோ, கேபிளில் பழுப்புக் கறை இருந்தாலோ, ஒரு இழை பிரிந்து நின்றாலோ குற்றவாளி கிடைத்துவிட்டது. எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், இன்னர் (உள்ளே ஓடும் கேபிள்), அவுட்டர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டீரெய்லர் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு.

ஆனால் மாற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் ஒன்றல்ல. பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும், அழுத்தம் வந்தால் கொஞ்சம் சுருங்கும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்காது. பொதுவாக பிரேக்குக்கு 5 மி.மீ., கியருக்கு 4 மி.மீ. தடிமன். கையிருப்பில் இருப்பதை வெட்டிப் போடும் கடையில் பிரேக் அவுட்டரையே கியருக்கும் போட்டுவிடுவார்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் கீழே என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தோமே. வெட்டிய முனை நசுங்காமல், அரம் போட்டுச் சமமாக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாயை ஒரு ஊசியால் திறந்துவிட்டு, முனைக்குக் கேப் போட்டுச் செருக வேண்டும். கடைசித் துண்டு ரொம்ப நீளமாகத் தொங்கவும் கூடாது, விறைப்பாக மடியவும் கூடாது. புதுக் கேபிள் போட்ட முதல் சில நாட்களில் அவுட்டர் முனைகள் தங்கள் இடத்தில் அமரும், டென்ஷன் கொஞ்சம் இறங்கும். அப்போது ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படுவது இயல்பு.

செயினைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளிக்கூடத்து 30 செ.மீ. ஸ்கேலில் அங்குலப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயினின் ஒரு பின்னின் (இணைப்புகளைக் கோக்கும் குட்டி ஆணி) நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதிலிருந்து 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் ஃப்ரீவீலின் பற்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் நழுவும். மேட்டில் அழுத்தும்போது மட்டும் எகிறுவதற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம், ஆனால் ஒன்றரை வருட வண்டியில் நிறைய ஓட்டியிருந்தால்தான். செயினைக் கழற்றிச் சேர்த்த இடத்தில் ஒரு இணைப்பு விறைத்துப் போயிருந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் டிக் டிக் என்று குதிக்கும். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, டீரெய்லர் சக்கரங்களைக் கடக்கும்போது எந்த இணைப்பு நிமிராமல் முறுக்கிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். அப்புறம், யாராவது நடுவில் செயினை மாற்றியிருந்தால் அது கியர் சைக்கிளுக்கான மெல்லிய செயின்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண சைக்கிளின் அகலச் செயின் இங்கே ஆகாது. டீரெய்லரின் சின்னச் சக்கரங்களில் கறுப்பாக அப்பியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். செயினுக்குத் தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் ஊற்றும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்தப் பிசுக்கு அதனால் வருவதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ட்யூனிங். அதிலும் டீரெய்லரில் H, L என்று இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். கியர் கெட்டால் பலரும் ஸ்க்ரூ டிரைவரோடு முதலில் போவது அங்கேதான். அவை வெறும் எல்லைக் கற்கள். H ஸ்க்ரூ செயின் 7-ஐத் தாண்டி ஃப்ரேம் பக்கம் விழாமல் தடுக்கும், L ஸ்க்ரூ 1-ஐத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழாமல் தடுக்கும். 3, 4, 5-இல் வரும் பிரச்சினைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. L ஸ்க்ரூவை அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால், மேட்டில் 1-க்குப் போடும்போது செயின் ஸ்போக்ஸுக்குள் இறங்கி டீரெய்லரையே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். அப்போது நிஜமாகவே டீரெய்லர் போய்விடும். செயின் 1-க்கோ 7-க்கோ போகவே மாட்டேன் என்றாலோ, தாண்டி விழுந்தாலோ மட்டும் அங்கே கை வையுங்கள். கடையில் ட்யூன் செய்தபோது அவற்றைத் திருகியிருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால், பின்னாலிருந்து பாருங்கள். 1-இல் இருக்கும்போது டீரெய்லரின் மேல்சக்கரம் பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். 7-இல் இருக்கும்போது சின்னப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும்.

நீங்கள் திருக வேண்டியது கேபிள் அட்ஜஸ்டரை. அவுட்டர் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். சிலவற்றில் ஷிஃப்டரிலும் ஒன்று இருக்கும். கழற்றுவது போல வெளியே திருகினால் கேபிள் டைட் ஆகும், உள்ளே திருகினால் லூஸ் ஆகும். முதலில் முன்னால் செயினை நடு வட்டில் (முன் பல்சக்கரங்கள் மூன்றில் நடுவில் இருப்பது) வைத்து, பின்னால் 7-க்கு வாருங்கள். அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, ஒரு சுற்று மட்டும் வெளியே விடுங்கள். கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளைக் கையால் தொய்வில்லாமல் இழுத்து, மறுபடி முடுக்குங்கள். இப்போது பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரே ஒரு கிளிக், 6-க்கு. விழவில்லையா, கால் சுற்று வெளியே. இன்னும் விழவில்லையா, இன்னொரு கால் சுற்று. 6-ஐத் தாண்டி 5-ஐ உரசினால் கால் சுற்று உள்ளே. 6 சரியாக வந்ததும் ஒவ்வொன்றாக 1 வரை போய், அதேபோல ஒவ்வொன்றாகத் திரும்பி வாருங்கள். கேபிளும் ஹேங்கரும் நன்றாக இருந்தால் இது பத்து நிமிடத்துக்குமேல் ஆகாத வேலை. அரை மணி நேரமாகத் திருகிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு மறுபடி கேபிளைப் பாருங்கள்.

1984-இல் ஷிமானோ பந்தய சைக்கிள்களுக்கான தன் டூரா-ஏஸ் உதிரிபாகத் தொகுதியில் எஸ்ஐஎஸ் என்ற கிளிக் முறையைக் கொண்டுவருவதற்கு முன்பு, பெரும்பாலான கியர் சைக்கிள்களில் லீவரைத் தோராயமாக நகர்த்தி, சத்தம் நிற்கும் இடத்தில் விடுவார்கள். கேபிள் கொஞ்சம் துருப்பிடித்தாலும் ஓட்டுபவரின் கை தன்னையறியாமல் அதைச் சரிக்கட்டிவிடும். கிளிக் வந்த பிறகு அந்தச் சலுகை போய்விட்டது. அதனால்தான் இன்றைய சைக்கிளில் கேபிளின் சுத்தம் இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயங்கள், இவை கோளாறே அல்ல. முன்னால் சின்ன வட்டு, பின்னால் 7 என்று போட்டால் செயின் குறுக்காக ஓடிச் சத்தம் போடத்தான் செய்யும். அந்தச் சேர்க்கையை ஓட்டாமல் விட்டுவிடுங்கள். முன் டீரெய்லரில் செயின் நுழைந்து போகும் கூண்டில் அது உரசும் சத்தத்தைப் பின் கியர் சத்தம் என்று நினைத்துவிடுவதும் நடக்கும். நடு வட்டில் வைத்து மட்டும் பின் கியரைச் சோதியுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். மற்றது, மேட்டில் மாற்றும்போது அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். மருதமலை ரோடு மாதிரி ஏற்றத்தில் முழு எடையையும் பெடலில் வைத்துக்கொண்டு கிளிக் செய்தால் எவ்வளவு விலை உயர்ந்த டீரெய்லரும் திணறும். ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

டீரெய்லர் நிஜமாகவே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேபிளைக் கழற்றிவிட்டு, கையால் அதை ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிவிட்டு விடுங்கள். சுறுசுறுப்பாகத் திரும்பி வர வேண்டும். மந்தமாக வந்தால் மூட்டுகளைக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் வராவிட்டால், அல்லது சின்னச் சக்கரங்கள் இருக்கும் கூண்டைப் பிடித்து ஆட்டும்போது மூட்டுகள் தொளதொளவென்று ஆடினால், அல்லது கூண்டே முறுக்கிக்கொண்டிருந்தால், சரி, மாற்றிவிடுங்கள். கடைக்காரர் சொன்னது அப்போது நியாயம்.

மாற்றுவதாக இருந்தால் 7 அல்லது 8 கியருக்கான ஷிமானோ டீரெய்லர்களில் பெரும்பாலானவை உங்கள் ஷிஃப்டரோடு வேலை செய்யும், இழுப்புக் கணக்கு ஒன்றுதான். டூர்னிக்குப் பதில் ஷிமானோவின் ஆல்டஸ் போட்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஆனால் 10 கியர் ஷிமானோ எம்டிபி டீரெய்லரோ ஸ்ராம் என்ற வேறு கம்பெனியின் டீரெய்லரோ தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அவற்றின் இழுப்பு விகிதம் வேறு, எப்படித் திருகினாலும் உங்கள் 7 கியரோடு ஒத்துப்போகாது. உங்கள் ஃப்ரேமில் டீரெய்லர் பூட்ட திரெட் போட்ட துளை இருக்கிறதா, அல்லது அச்சில் மாட்டும் தகடுதானா என்று பார்த்துவிட்டு அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். தகடு தனியாகவும் கிடைக்கும்.